பெருவிரல் தவில், மற்ற விரல்கள் நாதஸ்வரம்: கிற்றாரில் ஃபிங்கர்ஸ்டைல் புளூஸ் லீட் வாசிக்க முழுமையான வழிகாட்டி

வன்னியில் கிற்றார் உள்ள வீடுகளில் அது பெரும்பாலும் தேவாலயப் பாடகர் குழாம் வழியாக வந்திருக்கும், இல்லாவிட்டால் பைலாப் பாட்டுக்காக வாங்கியதாக இருக்கும். இரண்டிலும் கைக்குக் கிடைக்கிற வேலை ஒன்றுதான்: இடக்கையால் கோட் பிடித்து, வலக்கையால் பிக்கை மேலும் கீழும் அடிப்பது. லீட், அதாவது பாட்டின் மெட்டைப்போலத் தனிச்சுரங்கள், வாசிக்க ஆசை வந்தால், கோட் அடிக்க இன்னொருவரைத் தேட வேண்டும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள ஒரு கிராமத்தில் அப்படி ஓராள் கிடைப்பது எப்போதும் நடக்கிற காரியமில்லை. ஃபிங்கர்ஸ்டைல் புளூஸில் அந்த இன்னொருவர் உங்கள் பெருவிரல்தான். அம்ப் வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம், மின்சாரம் போனாலும் வாசிப்பு நிற்காது.

இந்த வழிகாட்டி கிற்றாரில் ஈ, ஏ, பி7 ஆகிய மூன்று கோட்களையாவது பிடிக்கத் தெரிந்தவருக்கானது. கோட்டே தெரியாதென்றால் முதலில் ஒரு மாதம் அதைப் பழகிவிட்டு வாருங்கள்.

புளூஸ் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. அதை விரலால் வாசித்து வளர்த்தவர்களில் பலர் வயல் வேலைக்காரர்கள். டெக்சாஸைச் சேர்ந்த மான்ஸ் லிப்ஸ்கம் 1895இல் பிறந்தவர். வாழ்நாளில் பெரும்பகுதி வாரத்துக்கு நிலம் செய்த அவருடைய முதல் ஒலிப்பதிவே 1960இல்தான் நடந்தது. மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் 1928இல் சில பாட்டுகளைப் பதிவுசெய்துவிட்டு வயலுக்குத் திரும்பினார். 1963இல்தான் அவரை மீண்டும் தேடிக் கண்டுபிடித்தார்கள். இந்த இருவரின் பெயரையும் சொல்வதற்குக் காரணம், பெருவிரல் வேலைசெய்யும் இரண்டு வழிகளுக்கும் இவர்கள் நல்ல உதாரணம் என்பதே. ஈ சுருதியில் வாசிக்கும்போது லிப்ஸ்கம்மின் பெருவிரல் ஒரே கம்பியில் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருக்கும். ஹேர்ட்டின் பெருவிரல் இரண்டு மூன்று கம்பிகளுக்கு மாறிமாறித் தாவும். லீட் வாசிக்க விரும்புகிறவர் லிப்ஸ்கம் வழியில்தான் தொடங்க வேண்டும். தாவுகிற பெருவிரல் இடக்கையைக் கோட்டுக்குள் கட்டிப்போட்டுவிடும். ஒரே கம்பியில் நிற்கிற பெருவிரலோ இடக்கையை முழுதாக விடுதலை செய்துவிடும்.

கிற்றாரும் கம்பியும்

உலோகக் கம்பி போட்ட அக்கூஸ்ரிக் கிற்றார் வேண்டும். நைலோன் கம்பிக் கிற்றாரில் பெருவிரல் வேலையைப் பழகலாம், ஆனால் கம்பியைத் தள்ளிச் சுரத்தை ஏற்றும்போது அது போதிய அளவு ஏறாது. அதற்காக நைலோன் கிற்றாரில் உலோகக் கம்பி போட்டுவிடாதீர்கள். நைலோன் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுவையைத்தான் கொடுக்கும். உலோகக் கம்பிகளின் இழுவை 70 கிலோவையும் தாண்டலாம். சில கிழமைகளில் பிரிட்ஜ் பெயர்ந்து வரும், அல்லது முன்பலகை வயிறு வைத்துவிடும்.

கம்பி வாங்கும்போது பொதியில் முதல் கம்பியின் தடிப்பைப் பாருங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது 12 என்று தொடங்கும் செற். கோட் அடிக்க அது நல்லது. லீட்டுக்கு 11 அல்லது 10 என்று தொடங்கும் செற்றை எடுங்கள். இன்னொரு விஷயம் மூன்றாம் கம்பி. அக்கூஸ்ரிக் செற்றில் அது சுற்றுக்கம்பியாக இருக்கும், அதைத் தள்ளுவது கடினம். எலெக்ரிக் கிற்றாருக்கான 17 தடிப்புள்ள வெறுங்கம்பியை அந்த இடத்தில் போட்டால் விரலுக்குப் பெரிய ஆறுதல். இதில் ஒரு குறை உண்டு: அக்கூஸ்ரிக் கிற்றாரின் சடில் (பிரிட்ஜில் கம்பிகள் ஏறிப்போகிற சிறு கட்டை) சுற்றுக்கம்பிக்கென்றே வெட்டப்பட்டது, ஆகவே வெறுங்கம்பி மேல் ஃபிரெட்களில் சற்றுச் சுருதி கூடி ஒலிக்கும். முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் அது காதை உறுத்தாது.

கம்பியின் உயரத்தை 12ஆம் ஃபிரெட்டில் அளந்து பாருங்கள். முதல் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளி 1.5 முதல் 2 மில்லிமீற்றர், ஆறாம் கம்பிக்கு 2 முதல் 2.5 மில்லிமீற்றர். மலிவுக் கிற்றார்களில் இது 4 மில்லிமீற்றர்கூட இருக்கும். அப்படியொன்றில் பழகிக் கை நொந்து, "எனக்கு இது வராது" என்று விட்டவர்கள் நிறையப் பேர். பிழை கிற்றாரில். சடிலைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தை மட்டமான மண்கடதாசியில் தேய்க்கலாம். 12ஆம் ஃபிரெட்டில் 1 மில்லிமீற்றர் குறைய வேண்டுமானால் சடிலில் 2 மில்லிமீற்றர் குறைக்க வேண்டும். ஒரேயடியாகத் தேய்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். கூடிப்போனால் புதுச் சடில்தான் வாங்க வேண்டும்.

காலநிலையும் இதில் கைவைக்கும். மாரியில், காலபோகத்துக்கு வயல் நிரம்பி நிற்கிற நாட்களில், முன்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், கம்பி உயரும். சோளகக் காற்று வீசுகிற காய்ந்த மாதங்களில் பலகை சுருங்கும், கம்பி தாழ்ந்து ஃபிரெட்டில் உரசி இரையும், கழுத்தின் ஓரத்தில் ஃபிரெட் முனைகள் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். எனவே மாரியில் உயர்ந்த கம்பியைப் பார்த்துவிட்டு உடனே சடிலைத் தேய்க்க வேண்டாம், கோடையில் அழுவீர்கள். தகரக் கூரைக்கு நேர்கீழே கிற்றாரைத் தொங்கவிடக் கூடாது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வைக்கவே கூடாது, பசை இளகிப் பிரிட்ஜ் கிளம்பும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் காய்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடைத்துவிட வேண்டும். உப்புக் காற்றில் துடைக்காத கம்பி விரைவிலேயே கறுத்து, சுரம் மங்கிப் போகும்.

நகமா, சதையா?

நகத்தை நீட்டி வளர்த்தால் ஒலி தெளிவாக வரும். ஆனால் மண்வெட்டி பிடிக்கிறவருக்கும் வலை இழுக்கிறவருக்கும் நகம் நிற்காது. பாதி உடைந்த நகம் நகமே இல்லாததைவிட மோசம். கம்பியில் மாட்டி இழுக்கும். நகத்தை ஒட்ட வெட்டி விரல்நுனிச் சதையால் வாசியுங்கள். ஒலி உருண்டையாக வரும், புளூஸுக்கு அது மிகவும் பொருந்தும். பெருவிரலின் ஒலி போதாதென்று பட்டால் மட்டும் அதில் மாட்டுகிற பிளாஸ்ரிக் பிக் ஒன்றை வாங்குங்கள். அது விரலை இறுக்கினால் சுடுநீரில் அரை நிமிடம் போட்டு, மெதுவாக விரித்து, குளிர்நீரில் ஆற்றினால் உங்கள் விரலின் அளவுக்கு வந்துவிடும்.

கை வைக்கும் விதம்

கைப்பிடி இல்லாத கதிரையில் நிமிர்ந்து இருந்து, கிற்றாரை வலத்தொடையில் வையுங்கள். வலது முன்கை கிற்றாரின் மேல்விளிம்பில் ஓய்வாகக் கிடக்க வேண்டும். இப்போது பெருவிரல் ஆறாம் கம்பியில், சுட்டுவிரல் மூன்றாம் கம்பியில், நடுவிரல் இரண்டாம் கம்பியில், மோதிரவிரல் முதல் கம்பியில். மேலிருந்து பார்க்கும்போது பெருவிரல் மற்ற விரல்களைவிடக் கிற்றாரின் கழுத்துப் பக்கமாக முன்னே நீட்டியிருக்க வேண்டும். அது விரல்களுக்குப் பின்னே உள்ளங்கைப் பக்கம் போய்விட்டால் சுட்டுவிரலோடு மோதும். வேகம் கூடக்கூட இந்தப் பிழை பெரிதாகும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது உள்ளங்கையின் ஓரம். சின்னிவிரலுக்குக் கீழே உள்ள சதைப்பகுதியை ஆறாம், ஐந்தாம் கம்பிகள் சடிலிலிருந்து புறப்படுகிற இடத்தில் மெல்லத் தொடும்படி வையுங்கள். பெருவிரலால் ஆறாம் கம்பியை அடித்தால் நீண்ட "ங்ங்" போய், "தும்" என்று வெட்டிய ஒலி வர வேண்டும். ஒலி முழுக்கச் செத்துப்போனால் கை முன்னே நகர்ந்துவிட்டது, அரை சென்ரிமீற்றர் பின்னே எடுங்கள். இன்னும் நீண்டு ஒலித்தால் சதை கம்பியைத் தொடவில்லை. இந்தத் "தும்" வராமல் மேலே போகாதீர்கள். அடக்காத அடிக்கம்பி லீட்டை மூடிவிடும்; எவ்வளவு நல்ல சுரம் வாசித்தாலும் கேட்பவருக்குச் சேறுபோலத்தான் கேட்கும்.

பெருவிரல் மட்டும்: முதல் இரண்டு கிழமை

கோயில் மேளத்தில் ஒத்து ஆதார சுருதியை விடாமல் பிடித்திருக்கும், தவில் நடையைக் கொண்டுபோகும், அந்த இரண்டின் மேலே நாதஸ்வரம் சுதந்திரமாக அலையும். இங்கே ஒத்தும் தவிலும் பெருவிரல்தான். அது ஒரு கணம் தடுமாறினாலும் மேலே உள்ளதெல்லாம் சரியும்.

போனில் இலவசமாகக் கிடைக்கிற மெற்றோனோம் (சீராகத் தட்டிக் காலம் காட்டும்) செயலி ஒன்றை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பெருவிரலால் ஓர் அடி. நான்கு அடி ஒரு பார். இதே முறையில் 12 பார் சுற்றைப் போகவேண்டும்: நான்கு பார் ஈ, இரண்டு பார் ஏ, இரண்டு பார் ஈ, ஒரு பார் பி, ஒரு பார் ஏ, ஒரு பார் ஈ, கடைசிப் பார் பி. ஈ என்றால் திறந்த ஆறாம் கம்பி. ஏ என்றால் திறந்த ஐந்தாம் கம்பி. பி என்றால் ஐந்தாம் கம்பியின் இரண்டாம் ஃபிரெட். வேறெந்த விரலும் வேண்டாம். பார் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஒன்று இரண்டு மூன்று நாலு, இரண்டு இரண்டு மூன்று நாலு" என்று முதல் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு போனால் எந்தப் பாரில் நிற்கிறோம் என்று தவறாது.

இது அலுப்பான பயிற்சிதான். ஆனால் பக்கத்தில் இருப்பவரோடு ஓரிரு வார்த்தை கதைத்துக்கொண்டே பெருவிரல் தானாக நடக்கிற நிலைக்கு வரும்வரை இதைவிட்டு நகரக் கூடாது. நாளுக்கு 15 நிமிடம் போதும். கிழமைக்கு ஒருநாள் இரண்டு மணிநேரம் பழகுவதால் இது வராது.

நடை

பெருவிரல் நிலைத்ததும் நடையைப் பிடிக்க வேண்டும். புளூஸின் ஷஃபிள் நடை திசிரம். ஒவ்வொரு அடியையும் "தகிட" என்று மூன்றாகப் பிரியுங்கள். பெருவிரல் "த"வில் விழும். "கி" மௌனம். மேல்கம்பிகளின், அதாவது மெல்லிய முதல் மூன்று கம்பிகளின், சுரங்கள் "த"விலும் "ட"விலும் வரும். வாயால் "தா–ட தா–ட தா–ட தா–ட" என்று சொல்லிக்கொண்டு கையைத் தட்டிப் பாருங்கள். பைலாவும் மூன்று மூன்றாக எண்ணுகிற தாளம்தான், ஆனால் அதில் கை துள்ளும். இங்கே கை பின்னால் சாய்ந்து நடக்க வேண்டும். பைலா அடித்துப் பழகிய கைக்கு "ட" முந்திக்கொண்டு வருகிற பழக்கம் இருக்கும். "ட"வைக் கடைசிக் கணம்வரை தள்ளிப்போடுங்கள்.

இனி மேல்விரலைச் சேர்க்கலாம். நான்கு படிகள். முதலில், பெருவிரல் நான்கு அடியும் அடிக்க, முதல் அடியில் மட்டும் மோதிரவிரல் முதல் கம்பியைச் சேர்த்துக் கிள்ளட்டும். இரண்டும் ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டும். "டடக்" என்று பிரிந்து கேட்டால் விரல்களைக் கம்பியில் வைத்துவிட்டுப் பிறகு சேர்த்து இழுங்கள். இரண்டாவது, முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும். மூன்றாவது, எல்லா அடியிலும். நான்காவதுதான் கடினம்: மேல்கம்பி "ட"வில் மட்டும். இங்கே அநேகமாக எல்லோருக்கும் பெருவிரல் தயங்கும், அல்லது விரலோடு சேர்ந்து "ட"வில் தானும் ஒரு அடி கூடுதலாகப் போடும். காரணம், இரண்டு விரலுக்கும் மூளை ஒரே கட்டளையை அனுப்புகிறது. வேகத்தை 45க்குக் குறைத்து, வாயால் "த" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அடியுங்கள். வாய் பெருவிரலோடு சேர்ந்துகொண்டால் மற்ற விரல்கள் தனியே பிரியத் தொடங்கும். ஒரு கிழமை பிடிக்கலாம், ஒரு மாதமும் பிடிக்கலாம். இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் மிச்சம் எல்லாம் இறக்கம்தான்.

சுரங்கள்

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டவருக்கு இது வீட்டுப் பண்டம். புளூஸ் லீட்டின் அடிப்படையான ஐந்து சுரங்களும் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களும் ஒன்றே: ஸ க ம ப நி. ஈயை ஸட்ஜமாக வைத்தால் ஈ, ஜி, ஏ, பி, டி. மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே உள்ள பி ஃபிளாற், அதாவது பிரதி மத்திமத்தின் இடம், போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போகிற சுரமாகச் சேரும். அதில் நிற்கக் கூடாது.

இனி 2:3 என்று எழுதினால் இரண்டாம் கம்பி, மூன்றாம் ஃபிரெட் என்று பொருள். 0 என்றால் திறந்த கம்பி. மேல் மூன்று கம்பிகளில் சுரங்கள் இப்படி இருக்கும்: 3:0 க, 3:2 ம, 3:3 அந்தத் தொட்டுப்போகும் சுரம், 2:0 ப, 2:3 நி, 1:0 ஸ, 1:3 மேல் க. பெருவிரலை ஆறாம் கம்பியில் ஓடவிட்டு, இந்த ஏழையும் அடிக்கு ஒன்றாக ஏறி இறங்குங்கள். பிறகு "த"விலும் "ட"விலுமாக.

சுரம் ஒன்றாக இருந்தாலும் அசைவு வேறு. புளூஸின் உயிர் காந்தாரத்தில் இருக்கிறது. சாதாரண காந்தாரமான ஜிக்கும், அந்தர காந்தாரமான ஜி ஷார்ப்புக்கும் நடுவே ஓரிடம் இருக்கிறது, அங்கேதான் பாடகரின் குரலும் நிற்கும். கிற்றாரில் அதை இரண்டு வழியில் பிடிக்கலாம். 1:3ஐ வாசித்து, விரலால் கம்பியை மேல்நோக்கி ஒரு நெல்மணி அளவுக்குத் தள்ளுங்கள். சுரம் பாதித் தூரம் ஏறிவிட்டு அங்கேயே நிற்கட்டும். கமகம்போல ஆட்ட வேண்டாம். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது அதை ஆட்டத்தான் சொல்லும், ஆட்டினால் அது சுத்த தன்யாசி ஆகிவிடும். இரண்டாவது வழி ஹமர்-ஒன்: திறந்த 3:0ஐ வலக்கை அடித்த உடனே இடச்சுட்டுவிரலை 3:1இல் சுத்தியல்போல இறக்குங்கள். வலக்கை மறுபடி அடிக்கக் கூடாது. சுட்டுவிரல் மெதுவாக இறங்கினால் ஒலி செத்துவிடும். ஃபிரெட் கம்பிக்கு ஒட்டிய இடத்தில் விரைவாக இறங்க வேண்டும்.

புல்-ஓஃப் இதன் எதிர்ப்பக்கம். 1:3இல் இருந்து விரலை எடுக்கும்போது நேரே தூக்காமல், சற்றுக் கீழ்நோக்கிச் சுண்டி எடுங்கள், 1:0 தானாக ஒலிக்கும். நேரே தூக்கினால் எதுவும் கேட்காது.

ஏ கோட்டுக்கு வரும்போது 2:2இல் உள்ள சி ஷார்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிக்கால் வாசித்துப் பழகியவர்கள் பலர் 12 பார் முழுதும் அதே ஐந்து சுரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பிழையில்லை, ஆனால் கோட் மாறியது கேட்பவருக்குத் தெரியாது. அந்த ஒரு சுரம் போட்டால் தெரியும். தனியாக வாசிக்கிறவருக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் கோட்டைச் சொல்ல வேறு ஆளில்லை.

ஒரு முழுச் சுற்று

60இல் தொடங்குங்கள். பெருவிரல் எல்லா அடியிலும் உண்டு, தனியாகச் சொல்லவில்லை. "1ட" என்றால் முதலடியின் "ட".

பார் 1, ஈ: முதலடியில் 1:0. 1ட-வில் 1:3, பாதி தள்ளி. இரண்டாமடியில் 1:0. 2ட-வில் 2:3. மூன்றாமடியில் 2:0. நாலாமடி பெருவிரல் மட்டும்.

பார் 2, ஈ: முதலடியில் 3:0 இலிருந்து 3:1க்கு ஹமர்-ஒன். 1ட-வில் 2:0. இரண்டாமடியில் 1:0. மிச்சம் ஒலிக்கட்டும்.

பார் 3 முதலாம் பார்தான். பார் 4: முதலடியில் 3:2, 1ட-வில் 3:0, இரண்டாமடியில் 4:2. அங்கே நில்லுங்கள். இரண்டு அடி வெறுமையாக நடக்கட்டும்.

பார் 5, ஏ: பெருவிரல் ஐந்தாம் கம்பிக்கு. முதலடியில் 1:3, 1ட-வில் புல்-ஓஃப் செய்து 1:0, இரண்டாமடியில் 2:2, மூன்றாமடியில் 3:2.

பார் 6, ஏ: இரண்டாம், நாலாம் அடிகளில் 3:2, 2:2 இரண்டையும் சேர்த்துக் கிள்ளுங்கள். லீட் ஓய்வெடுக்கிறது, கோட் கதைக்கிறது.

பார் 7, ஈ: இரண்டாம் பாரில் வாசித்ததே. பார் 8: பெருவிரல் மட்டும், நான்கு அடி.

பார் 9, பி7: 5:2 நடுவிரல், 4:1 சுட்டுவிரல், 3:2 மோதிரவிரல், 1:2 சின்னிவிரல், 2:0 திறந்தபடி. முதலடியில் 1:2, 1ட-வில் 2:0, இரண்டாமடியில் 3:2, மூன்றாமடியில் 2:0. பெருவிரல் ஐந்தாம் கம்பியில்தான் இருக்கவேண்டும். பழக்கதோஷத்தில் ஆறுக்குத் தாவினால் கோட் கெட்டுவிடும்.

பார் 10, ஏ: ஐந்தாம் பார்போல.

பார் 11, ஈ: இதுதான் திருப்பம், டேர்ன்அரவுண்ட் என்பார்கள். அடிக்கு ஒரு சோடியாக இறங்குங்கள்: 3:4 உடன் 1:4, பிறகு 3:3 உடன் 1:3, பிறகு 3:2 உடன் 1:2, கடைசியாக 3:1 உடன் 1:0. சுட்டுவிரலும் மோதிரவிரலும் கிள்ள, பெருவிரல் ஆறில் நடக்கும். இடக்கையில் மூன்றாம் கம்பிக்கு நடுவிரல், முதல் கம்பிக்கு மோதிரவிரல் வைத்து அப்படியே வழுக்கி இறங்கலாம். கடைசிச் சோடிக்கு மட்டும் சுட்டுவிரலால் 3:1.

பார் 12: பெருவிரல் 5:0, 5:1, 5:2 என்று ஏறி, மூன்றாமடியில் பி7 முழுதாக ஒலிக்கட்டும். அங்கிருந்து முதல் பாருக்குத் திரும்பும்.

நான்காம் பாரிலும் எட்டாம் பாரிலும் விட்ட வெறுமையை நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள். புளூஸ் பாட்டில் முதல் வரி பாடப்படும், அதே வரி திரும்பவும் பாடப்படும், மூன்றாம் வரி அதற்குப் பதில் சொல்லும். ஒவ்வொரு வரியும் நான்கு பார். வரி முடிந்த பின்னுள்ள இடைவெளியில் கிற்றார் பதில் கொடுக்கும். கூத்தில் அண்ணாவியார் பாடி நிறுத்த, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகிற ஒழுங்கைப் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும். வாங்கிப் பாடுகிறவருக்கு இடம் விடாத அண்ணாவியார் இல்லை. நீங்கள் வாசிக்கப்போகிற வரியை முதலில் வாயால் பாடுங்கள். மூச்சு முடிகிற இடத்தில் விரலும் நிற்கட்டும்.

கழுத்தின் மேலே: ஏ சுருதி

முதல் மூன்று ஃபிரெட்டில் கம்பி நட்டுக்கு (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் ஏறிப்போகிற கட்டைக்கு) அருகே இருப்பதால் இறுக்கமாக இருக்கும், ஒரு முழுச் சுரத்துக்குத் தள்ள முடியாது. அதற்கு மேலே போக வேண்டும். அப்போது ஈயை விட்டு ஏக்கு மாறுங்கள். ஏ சுருதியில் 12 பாரின் மூன்று கோட்களும் ஏ, டி, ஈ. மூன்றின் அடிச்சுரமும் திறந்த கம்பிகள்: ஐந்து, நாலு, ஆறு. இடக்கைக்கு அடிக்கம்பியில் எந்த வேலையும் இல்லை. லீட் பழக இதைவிட வசதியான சுருதி கிற்றாரில் இல்லை.

சுரங்கள்: 3:5, 3:7, 2:5, 2:8, 1:5, 1:8. இதில் ஸட்ஜமான ஏ, 1:5இல் இருக்கிறது. முதலில் 3:7ஐ மோதிரவிரலால் பிடியுங்கள். அதே கம்பியில் அதன் பின்னே நடுவிரலையும் சுட்டுவிரலையும் வையுங்கள். இடக்கைப் பெருவிரல் கழுத்தின் மேல்விளிம்பைப் பற்றட்டும். இப்போது மணிக்கட்டைத் திருப்பிக் கம்பியை மேலே தள்ளுங்கள். விரலை மட்டும் மடக்கித் தள்ளினால் சுரம் ஏறாது, விரல்மூட்டும் நோகும். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதற்கு அளவுகோல் 2:5: அதை முதலில் வாசித்துக் காதில் பிடித்துக்கொண்டு, 3:7ஐத் தள்ளி அந்தச் சுரத்தில் நிறுத்துங்கள். இதேபோல 2:8ஐ 1:5இன் சுரத்துக்கு ஏற்றலாம். ரியூனர் செயலியில் ஊசி நடுவே வருகிறதா என்றும் பார்க்கலாம். இப்படித் தள்ளுவதைப் பெண்ட் என்பார்கள். ஏறாமல் நிற்கிற பெண்ட் சுருதி பிசகிய பாட்டுத்தான்.

தள்ளும்போது வலக்கைப் பெருவிரல் கிட்டத்தட்ட எப்போதும் தடம்புரளும், ஏனென்றால் இடக்கையின் பலம் வலக்கைக்கும் ஏறி அதை இறுக்கும். பெண்ட்டை நாலு அடி நீளத்துக்கு மெதுவாக ஏற்றிப் பழகுங்கள்: நாலு "தும்"முக்குள் டியிலிருந்து ஈக்கு. பிறகு இரண்டு அடிக்குள், பிறகு ஒன்றுக்குள்.

டி கோட்டில் 2:7ஐயும், ஈ கோட்டில் 1:4ஐயும் தொட்டுக்கொள்ளுங்கள். ஈ சுருதியில் 2:2 செய்த வேலையை இவை இங்கே செய்யும்.

பாடுகிறவருக்குச் சுருதி ஏயைவிட ஏற வேண்டுமென்றால் கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்துகிற கவ்வி) போடுங்கள். 2ஆம் ஃபிரெட்டில் போட்டால் பி, 3இல் போட்டால் சி. விரல் கணக்கெல்லாம் கேப்போவிலிருந்து எண்ணினால் அதேதான்.

கேட்டுத் திருத்துதல்

கிழமைக்கு ஒருநாள் போனில் ஒரு சுற்றைப் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கை கேட்கும், காது கேட்காது. மூன்றை மட்டும் கவனியுங்கள். முதலாவது, லீட் வருகிற இடத்தில் வேகம் ஏறுகிறதா? ஏறினால் கடினமான பாரைத் தனியாக எடுத்து 50இல் இருபது தடவை. இரண்டாவது, அடிக்கம்பி மேல்கம்பியைவிடச் சத்தமாக இருக்கிறதா? இருந்தால் பெருவிரலைக் குறையுங்கள், விரலைக் கூட்ட வேண்டாம். கூட்டினால் கம்பி ஃபிரெட்டில் அறையும். மூன்றாவது, எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் விழுகிறதா? கதைக்கும்போது ஒரு சொல்லை அழுத்துவோம், அடுத்ததை விழுங்குவோம். அதுபோல ஒவ்வொரு வரியிலும் ஒரு சுரம் மட்டும் எழும்பி நிற்க வேண்டும்.

வேகத்தை 60, 66, 72 என்று ஏற்றுங்கள். ஒரு படியில் மூன்று சுற்று பிசகாமல் வந்தால் அடுத்தது. 100க்கு மேல் போக அவசரமில்லை. ஆறுதலாகப் போகிற புளூஸ்தான் கடினமானது. இடது மணிக்கட்டிலோ முன்கையிலோ கூர்மையான நோவு வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். விரல்நுனி எரிவது சாதாரணம், இரண்டு மூன்று கிழமையில் தோல் தடித்துவிடும்.

விழா மேடையில் வாசிக்க நேர்ந்தால், கிற்றாருக்குள் பொருத்திய பிக்அப்பில் பெருவிரல் அடி பெரிதாகக் கேட்கும். மிக்ஸரில் பேஸைக் கால்வாசி குறைக்கச் சொல்லுங்கள். பிக்அப் இல்லையென்றால் மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைக்காமல், கழுத்து உடலோடு சேருகிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். துளைக்கு நேரே வைத்தால் அடி இரைந்து, ஸ்பீக்கர் கூவத் தொடங்கும். ஸ்பீக்கர் உங்களுக்குப் பின்னால் இருந்தால், தொடங்குமுன் அதை முன்னுக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.